ஒரே பக்கத்தில் அடக்கச் சொன்னார்கள்

உங்கள் பெயர் அட்டையில் பதவி என்று என்ன போட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் எட்டிப் பார்த்தேன். மூன்று வரிக்கு நீள்கிறது. நான் சேர்ந்தபோது வெறும் 'ஆய்வு அலுவலர்'. பிறகு 'தொடர்பு அலுவலர்' ஆனேன். அதற்கப்புறம் வந்த ஒரு பெரியவர் எங்களையெல்லாம் 'அறிவுப் பாலம்' என்று கூப்பிட்டார்; பாலம் என்றால் இரண்டு பக்கத்து ஆட்களும் மிதித்துக்கொண்டு போவார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் ஒருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து தொண்ணூறு பக்கம் எழுதுவார். மாநில அரசில் இருப்பவருக்கு அதைப் படிக்க லிஃப்டில் ஏறி இறங்கும் நேரம்தான் இருக்கும். நடுவில் நாம் கத்தரிக்கோலோடு நிற்கிறோம்.

ஓய்வு பெற்றவளைத் தேடிப் பிடித்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வெற்றிக் கதை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எந்தக் கதை என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள்: பாகான் டாலாம் வேன் கதை. விருது வாங்கிய கதையாம். சரி, அதையே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் வேலை செய்யப்போகும் இரண்டு தரப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத்து ஆட்களிடம் வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஒரு ஜன்னலை வைத்து ஜார்ஜ்டவுன் முழுவதற்கும் சொல்லிவிட முடியாது என்பார்கள். அரசாங்கத்து ஆட்களுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. அவர்களுக்குப் பதில் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், போன மாதமே எடுத்துவிட்ட முடிவோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சண்டை போட மாட்டார்கள், மிகவும் நல்லவர்கள். கூட்டக் குறிப்பில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் உங்கள் ஆய்வுக்குக் கருமாதி முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, தட்டில் இருக்கும் கறிபாப்பை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எங்கள் பிரிவில் மூன்று வருடமாக எல்லாமே கவனத்தில் கொள்ளப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் டாக்டர் சியூவின் ஆய்வு வந்தது. சியூ ஒப்பந்தத்தில் இருந்த இளம் பெண் விரிவுரையாளர். சிரிக்க மாட்டார், ஆனால் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்ல மாட்டார். குடியிருப்புகளிலிருந்து கிளினிக்குக்கும் பஸ் நிலையத்துக்கும் அரசு இலவசமாக விடும் வேன்களை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அவர் ஆய்வு. அவருடைய மாணவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாளும் அட்டையுமாக உட்கார்ந்து, ஏறுகிறவர்களை எண்ணினார்கள். பாகான் டாலாம் நிறுத்தத்தில் எண்ணுவதற்கு ஆளே வரவில்லை.

அந்த நேரத்தில் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர். ஜுரு பக்கம் தொழிற்சாலை ஆட்களுக்கு வேன் போதவில்லை என்று அவருக்குத் தினமும் புகார். கூட்டமில்லாத ஏதாவது ஒரு பாதையை நிறுத்தி, அந்த வேனை ஜுருவுக்கு மாற்ற வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். நம் ஆய்வு அவருக்குக் கேட்காமலே வந்த வரம்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவருடைய செயலாளர் கூப்பிட்டார். நாளைக் காலைக் கூட்டம், டத்தோவுக்குச் சுருக்கம் வேண்டும், ஒரே பக்கம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது அவருக்குப் பிடிக்காது. நான் உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன், என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பெருமை. ஆனால் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. ஓரத்தைக் குறைத்தேன், அடங்கவில்லை. இடைவெளியைக் குறைத்தேன், அடங்கவில்லை. கடைசியில் ஆய்வின் வரம்புகள் என்று சியூ எழுதியிருந்த இரண்டு வரியைத் தூக்கிவிட்டேன். அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பக்கம் கச்சிதமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பாகான் டாலாம் பாதையை நிறுத்த முடிவாயிற்று. கூட்டக் குறிப்பில் 'ஆய்வின் அடிப்படையில்' என்று அச்சாகி வந்தது. எங்கள் தலைவர், எதற்கும் குரலை உயர்த்தாத மூத்த பேராசிரியர், அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார். கேக் வந்தது. கேக்கின்மேல் 'ஆதார அடிப்படையிலான கொள்கை' என்று எழுதச் சொல்லியிருந்தார். இடம் போதாமல் கடைக்காரர் 'ஆதாரம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, முன்வாசலில் இருக்கும் பெண் என்னைக் கூப்பிட்டு, யாரோ ஒரு அம்மா வந்திருக்கிறார், போக மாட்டேன் என்கிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். இடது கையில் முழங்கைக்குக் கீழே பஞ்சும் பிளாஸ்திரியும். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். அது நான் எழுதிய பக்கம்.

பெயர் பவானி. ஒரு காலத்தில் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர். நாற்பது பேரை மேய்த்த குரல் இன்னும் அப்படியே இருந்தது. நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இத எழுதுனது நீயாம்மா?"

ஆமாம் என்றேன்.

"பாகான் டாலாம் ஸ்டாப்புல ஆளே ஏறலன்னு போட்டிருக்கு. வாரத்துக்கு மூணு வாட்டி அந்த வேன்ல ரத்தம் கழுவப் போனவ நான். அப்ப நான் யாரு, ஆவியா?"

நான் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன். ஆய்வு முறை, கணக்கெடுப்பு, சராசரி என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். நிறுத்தத்தில் யாரும் ஏறுவதில்லை, அது உண்மைதான் என்றார். நிறுத்தம் பெரிய சாலையில் இருக்கிறது, சிறுநீரகம் போனவர்கள் வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வேன் ஓட்டும் ஷாகுல் நல்ல மனிதர், உள்ளே வந்து பிளாட்டுக்குக் கீழேயே நிறுத்தி, கைபிடித்து ஏற்றிக்கொண்டு போவார். உங்கள் பிள்ளைகள் சாலையில் உட்கார்ந்து காற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தோம் என்றார்.

வேன் நின்ற பிறகு அடுத்த வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறாராம். வரும்போது தலை சுற்றும், பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள முடியாது. மகன் ஜொகூரில் வேலை. வாரத்தில் ஒரு முறையாவது போக முடியாமல் போய்விடுகிறது. சொல்லிக்கொண்டே குனிந்து, சேலையைச் சற்றுத் தூக்கி, வீங்கிய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

கட்டாயம் பார்க்கிறோம் என்றேன்.

"பாக்குறேன்னு சொல்லாதம்மா. மூணு ஆபிஸ்ல அதத்தான் சொல்லி இந்தத் தாளக் குடுத்தாங்க. உன்னையக் காட்டிட்டாங்க. இனி நான் எங்க போறது?"

அவர் போனதும் சியூவின் தொண்ணூறு பக்கத்தை எடுத்துப் புரட்டினேன். வெட்டிய இரண்டு வரியும் கிடைத்தன. 'அறிவிக்கப்பட்ட நிறுத்தங்களில் மட்டுமே எண்ணப்பட்டது. வேறு இடங்களில் ஏறுவோர் இதில் சேரவில்லை. முடிவெடுக்கும் முன் நோயாளிகளையும் முதியோரையும் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.' எவ்வளவு தெளிவு பாருங்கள். பல்கலைக்கழகத்தில் யாருமே நேராக எதையும் சொல்ல மாட்டார்கள் என்று வருடக்கணக்கில் கேலி பேசியவள் நான். ஒருத்தி நேராகச் சொல்லியிருந்தாள், அதைத்தான் தூக்கிப் போட்டிருந்தேன். முகமெல்லாம் எரிந்தது. வெட்கம் என்று மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் அதில் பாதி பயம். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

தலைவரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார். அமைதியாகக் கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அரசாங்கம் எதையும் திரும்பப் பெறாது, மேம்படுத்தும். தவறு என்ற சொல்லை எழுதாதே. 'இரண்டாம் கட்டம்' என்று எழுது. முதல் கட்டம் நல்லபடி முடிந்ததால் இரண்டாம் கட்டத்தில் மருத்துவப் பயணிகளுக்குச் சேவை என்று போடு. யாருடைய மானமும் போகாது, வேனும் வரும். இப்படிச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கோப்பி ஓ வரவழைத்துக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள். முப்பது வருடம் அந்த வழியில்தான் எத்தனையோ நல்ல காரியங்களை நடத்தியிருக்கிறார். எனக்கும் அன்றைக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

சியூவிடமும் சொல்லியாக வேண்டுமே. சொன்னேன். அவர் கத்தவில்லை. தன் அறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் எழுதியிருந்தேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. மறுபடி எண்ண முடியுமா என்று கேட்டேன். முடியும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மாணவர்கள் விடுமுறை முடிந்து வர வேண்டும், நான்கு மாதம் ஆகும் என்றார். ரத்தத்துக்குப் பருவ விடுமுறை கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று மூடிக்கொண்டேன்.

ஆதாரம் இல்லாமல் டத்தோ முன் போய் நிற்க முடியாது. ஷாகுலைத் தேடி ஜுருவுக்குப் போனேன். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் வேனை ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பவானி அக்கா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். மொத்தம் நாலு பேர் என்றார். அதில் முனியாண்டி அண்ணன்தான் வயதில் மூத்தவர், படி இறங்கி வரவே நேரமாகும், முன்சீட்டில் உட்கார்ந்து பழைய பாட்டுப் போடச் சொல்வார் என்றார். நான் குறிப்பேட்டை எடுத்தேன். ஷாகுல் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

வழித்தடத்தை விட்டு விலகக் கூடாது, அறிவித்த இடத்தைத் தவிர எங்கேயும் ஆள் ஏற்றக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"அக்கா, நான் நல்லது செஞ்சேன்னு நீங்க எழுதுவீங்க. தப்பு செஞ்சேன்னு அவங்க படிப்பாங்க. அப்படித்தான் லா நடக்கும்."

இருபது வருடமாகக் கொள்கை ஆய்வில் இருந்த எனக்கு, அதன் மொத்த இலக்கணத்தையும் ஒரு வேன் டிரைவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். குறிப்பேட்டை மூடிப் பையில் போட்டேன்.

அடுத்த சில நாள் 'இரண்டாம் கட்டம்' பக்கத்தை எழுதி எழுதித் திருத்தினேன். தலைவர் பார்த்தார், நான் பார்த்தேன், அவர் ஒரு சொல்லை மாற்றினார், நான் அதைத் திருப்பி மாற்றினேன். படித்தால் முதல் கட்டமே இரண்டாம் கட்டத்துக்காகத்தான் நடந்தது என்று தோன்றும். அவ்வளவு அருமையான பொய். பத்து நாள் கழித்துத்தான் அடுத்த கூட்டம் வந்தது. நம் விஷயம் பட்டியலில் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழே. அந்தத் தலைப்பு வரும்போது எல்லாரும் கடிகாரத்தையும் தட்டையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டத்தோ என் பக்கத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்துவிட்டு மலாயில், மிக மரியாதையாகக் கேட்டார். ஆறேழு வாரத்துக்கு முன்னால் அங்கே யாருமே ஏறவில்லை என்று நீங்கள்தான் கொடுத்தீர்கள். இப்போது நோயாளிகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். அப்போதும் இருந்தார்களா? இருந்தார்கள் என்றால், எண்ணியவர் தப்பா, வேன் ஓட்டியவர் தப்பா?

பாருங்கள், நம் தொழிலில் எல்லாம் கூடி வரும் இடம் இதுதான். எண்ணியவர் தப்பு என்று சொன்னால் சியூவின் ஒப்பந்தம் போகும். அவர் அந்த அறையில் இல்லை. ஓட்டியவர் தப்பு என்று சொன்னால் ஷாகுல் போவார். அவரும் இல்லை. இரண்டு பேரில் யாரைக் காட்டினாலும் அடுத்த நிமிடமே எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டி, வேனைத் திருப்பிக்கூட விட்டுவிடுவார்கள். தலைவர் மேசைக்கு அடியில் என் காலை மெதுவாகத் தட்டினார். இரண்டாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று அர்த்தம்.

"எண்ணியவர் எழுதியிருந்தார், டத்தோ. பக்கத்தில் இடமில்லை என்று நான் வெட்டினேன். தப்பு என்னுடையது."

சியூவின் பக்கத்தின் நகலை அவர் முன்னால் வைத்தேன். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் மொத்த அனுபவத்தைக் கூட்டினால் இருநூறு வருடம் வரும். அதில் ஒருத்தரும் இப்படி ஒரு வாக்கியத்தை அலுவல் நேரத்தில் கேட்டதில்லை. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, இதை எந்தத் தலைப்பில் போடுவது, நடவடிக்கை எடுக்க வேண்டிய துறை என்று எதைக் காட்டுவது என்று மிகவும் உண்மையாகக் கேட்டார்.

டத்தோ அந்த இரண்டு வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். ஒரே பக்கம் கேட்டது தான்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கும். அதைச் சொல்லவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்கள் எங்கேதான் ஏறினார்கள் என்று கேட்டார். அவர்கள் குடியிருக்கும் இடத்தில் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேன் எப்படி அங்கே போயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி. அதை அவர் கேட்கவே இல்லை. நிறுத்தத்தைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது, பிளாட்டுக்குக் கீழே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கறிபாப் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததில் போய்விட்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அரசாங்கத்தில் முடியாது. பாதை திரும்பத் தொடங்குவது என்றால் தொடக்க விழா வேண்டும். விழா என்றால் ஒய்பி, அதாவது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், வர வேண்டும். ஒய்பிக்கு மூன்று வாரத்துக்கு நேரமில்லை. விழாவுக்கு முன்னால் வேன் ஓடினால், ஓடிக்கொண்டிருக்கும் வேனை ஒய்பி எப்படித் தொடக்கிவைப்பார்? சரி, சோதனை ஓட்டம் என்று விடுங்கள் என்று கெஞ்சினேன். விடலாம், ஆனால் சோதனை ஓட்டத்தில் பயணிகளை ஏற்றக் கூடாது, ஆய்வுப் பணியில் இருப்பவர்கள் மட்டும்தான் ஏறலாம் என்று விதியை எடுத்துக் காட்டினார்கள். ஷாகுலை ஜுருவிலிருந்து திருப்பி அனுப்பி, நோயாளிகள் நின்று பார்க்க, வெறும் வேனைப் பாகான் டாலாமுக்குள் ஓட்டிக் காட்டத் தயாரானார்கள்.

வழி கண்டுபிடித்தது சியூ. அந்த இரண்டு வரியைக் கூட்டத்தில் காட்டினேன் என்று கேள்விப்பட்ட பிறகு என்னோடு பேச ஆரம்பித்திருந்தார். தன் பழைய அனுமதியிலேயே கணக்கெடுப்பாளரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பிரிவு இருக்கிறதாம். பவானி அக்காவைப் பகுதிநேர ஆய்வு உதவியாளராகப் போட்டுவிட்டார். மற்றவர்கள் ஆய்வில் பங்கேற்பவர்கள், அவர்களுக்கு ஒப்புதல் படிவம். பெயர் அட்டையும் எழுதும் அட்டையும் படிவக் கட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பவானி அக்கா பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டி, புகைப்படம் சரியில்லை என்று குறை சொன்னார். ஆவிக்கு வேலை போட்டுக் கொடுத்துட்டீங்க என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தோம். அதாவது சியூ கூட.

இப்படியாக, கழுத்தில் பல்கலைக்கழக அட்டையும் மடியில் கணக்குத் தாளுமாக ஒரு பெண்மணி வாரம் மூன்று முறை அரசாங்க வேனில் ரத்தம் கழுவப் போய் வந்தார். எந்த விதியும் மீறப்படவில்லை. லைன் லீடராக இருந்தவர் அல்லவா, கணக்கு அப்படிச் சுத்தம். ஏறிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை பேர், எல்லாம் கட்டம் தவறாமல் இருந்தது.

முதல் வாரத் தாள்கள் வந்ததும் சியூ அவற்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முதல் நாள் தாளில், 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, என்னவென்று சொல்லுங்கள், எந்த வகையில் சேர்ப்பது என்று பார்க்க வேண்டும் என்றார். கட்டம் சின்னது. எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதி ஓரம்வரை கொண்டுபோயிருந்தார்.

'மூணு பேர் ஏறினோம். முனியாண்டி அண்ணன் ஏறல. வேன் நின்ன ஆறாவது வாரம் இறந்துட்டாரு. அவர எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியல. அதனால இங்க எழுதுறேன்.'

ஆங்கிலத்தில் சொன்னேன். சியூ என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வகை என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வேன் நின்றதால்தான் இறந்தாரா? வயதானவர், இருதயமும் சரியில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கிளினிக்கில் கேட்டால் ஒருவேளை ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை, இன்றைக்கும் இல்லை. நாட்காட்டியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பவானி அக்கா என்னிடம் வந்தது ஐந்தாவது வாரம். ஆறாவது வாரம் முழுக்க நான் 'இரண்டாம் கட்டம்' பக்கத்துக்கு நல்ல நல்ல சொல்லாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வேன் நின்றது என் அவசரத்தால் என்றால், அந்த வாரம் போனது என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. முதலாவதற்கு நானே என்னை மன்னித்துவிட்டேன். இரண்டாவதற்கு முடியவில்லை.

விழா நடந்தது. பந்தல், கொம்பாங் மேளம் அடிக்கும் பிள்ளைகள், ஒய்பியின் கையில் கத்தரிக்கோல். பவானி அக்காவைப் பயனாளி என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அன்று புதன்கிழமை, கழுவப் போகும் நாள். நேரமாகிறது என்று வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. ரிப்பன் வேனுக்கு முன்னால்தான் கட்டியிருந்தது. வெட்டியதும் ஷாகுல் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். படம் எடுக்க வேன் இல்லாமல் பெயர்ப்பலகையோடு நின்றோம்.

விழாவுக்கு முந்தின நாள், இரண்டாம் கட்டத்தின் சுருக்கத்தை அனுப்பியிருந்தேன். டத்தோவின் செயலாளர் கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது, கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்றார். முடியாது என்றேன். விழா நேரத்தில் அது பொருத்தமாக இருக்காதே என்றார். இருக்காதுதான் என்றேன். டத்தோ இரண்டாவது பக்கம் திருப்ப மாட்டார் என்று உங்களுக்கே தெரியும் என்றார். தெரியும், ஆனாலும் இருக்கட்டும் என்றேன். அவர் திருப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் நம் ஆண்டு மலரில் அந்தச் சுருக்கத்தை வெளியிட்டார்கள். விருதுக் குழுவுக்கும் அதுதான் போனது. நீங்களும் அதைப் படித்திருப்பீர்கள். நான் அனுப்பியதில் இரண்டாவது பக்கம் என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு வாக்கியம், மீதியெல்லாம் வெள்ளை: 'முதல் கணக்கெடுப்பில் எண்ணப்படாத நான்கு பயணிகளில் ஒருவரான திரு. முனியாண்டி, சேவை நிறுத்தப்பட்டிருந்தபோது காலமானார்.'

மலரில் முதல் பக்கம் மட்டும்தான் போட்டார்கள்.